எம்டன் குண்டு அல்ல



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு பெரிய ஆளுமையையோ ஒரு பெரிய போராட்டத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நாங்கள் ஒரு துருப்பிடித்த இரும்புக் கட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டியது நெட்டுக்குப்பம். எதிர்க்கரையில் அனல்மின் நிலையம், வடக்கே காமராசர் துறைமுகம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படிந்த அலையாத்திகளும் இந்தக் கழிமுகத்தில்தான் இருக்கின்றன. வலை வீசும் மீனவர்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், கயிற்றில் காந்தம் கட்டிச் சேற்றில் இழுத்து இரும்பு பொறுக்குகிறவர்கள் என்று பலருக்கும் இந்தச் சேறு சோறு போடுகிறது. அப்படிக் காந்தம் இழுக்கும் இளைஞர் ஒருவர் அந்தக் கட்டியைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். சிப்பியும் மணலும் ஒட்டி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நடுவில் பருத்திருந்தது.

"அண்ணே, இது எம்டன் குண்டு. காயலான் கடையில வேணாம், மியூசியத்துக்குக் குடுக்கலாம்" என்றார்.

(குண்டு என்று சந்தேகம் வந்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குள் அவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.)

வடசென்னையில் எந்தப் பழைய இரும்பு கிடைத்தாலும் முதலில் வரும் பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டு விழுந்ததற்கு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்துவிட்டது. கப்பல் போனாலும் சொல் தங்கிவிட்டது. சாமர்த்தியக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். துறைமுகத்தில் அன்று செத்தவர்களின் பெயர்களைக் கேட்டால் நம்மில் ஒருவரும் சொல்ல மாட்டோம். சுட்டவனின் பெயர் மட்டும் அகராதிக்குப் போயிற்று.

அதே 1914-இல், மே மாதம், அயோத்திதாசர் மறைந்தார். வழக்கிலிருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் புதைந்த வரலாற்றைத் தோண்டியவர் அவர். அவரிடம் கற்ற பழக்கத்தில், 'எம்டன் குண்டு' என்ற சொல்லையே நாங்கள் முதலில் சோதித்தோம்.

எம்டனின் பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்டவை. அவற்றின் குண்டு நீள் உருளையாக இருக்கும். அடிப்பகுதியைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை ஓடும். இரும்பு துருவேறி உருமாறினாலும் செம்பு பச்சை பூத்துக் காட்டிக்கொடுக்கும். எங்கள் கட்டியில் பச்சையே இல்லை. சுடப்பட்டது துறைமுகம், நெட்டுக்குப்பம் அதற்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வடக்கே. துருவின் பருமனைப் பார்த்து 'நூறு வருசம் இருக்கும்' என்று சொல்வதும் பயன்படாது. உப்புச் சேற்றில் கிடந்த இரும்பு சில பத்தாண்டுகளிலேயே கிழடு தட்டிவிடும். சுத்தியலால் தட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை அரித்தது. தட்டவில்லை. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

நடுவில் இறுகியிருந்த சேறு கரைந்தது. நீள்வட்டமாக ஒரு துளை தெரிந்தது. காம்பு நுழையும் துளை. ஒரு முனை கூராக மெலிந்திருந்தது, மறுமுனை ஒடிந்திருந்தது. பிக்காசு.

அந்த இளைஞரின் முகம் வாடிவிட்டது. எங்களில் சிலருக்கும் ஏமாற்றம்தான், ஒளிப்பானேன்?

ஆனால் இந்த மண்ணில் பிக்காசு விழக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான கால்வாய் 1806-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கொக்ரேன் கால்வாய் என்று முதலாளியின் பெயர் அதற்கு. தாது வருசப் பஞ்சத்தில், 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டரைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அதன்பின் முழுக் கால்வாய்க்கும் ஆளுநர் பக்கிங்காமின் பெயர். 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை வைத்துக்கொண்டு மனிதன் உழைக்க முடியாது என்று எதிர்த்தார். அந்த அளவுச் சோற்றில் பிக்காசைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கிப் பாருங்கள்.

1878-இல் புதையல் சட்டமும் வந்தது. மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். மண்ணில் கிடைப்பதற்குக் கணக்குக் கேட்ட அரசுக்கு, மண்ணை வெட்டுகிறவர்களிடம் கையளவு நிலமாவது இருக்கிறதா என்ற கேள்வி எழப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இந்தப் பகுதி அன்று சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் பறையர் நிலைமை பற்றிக் கலெக்டர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட பஞ்சமி நில ஆணையும் அப்படி வந்தவை. அந்த நிலங்கள் எங்கே போயின என்று இந்த அரங்கில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பிக்காசு அந்தக் கால்வாயை வெட்டியது என்று நாங்கள் சொல்லவில்லை. உப்பளத்துக்கு வந்ததாக இருக்கலாம், சாலை போட வந்ததாக இருக்கலாம். எம்டன் என்று பொய் சொல்லிப் பெருமை தேடக் கூடாது என்றால், பஞ்சம் என்று பொய் சொல்லித் துயரம் தேடவும் கூடாது. எந்த வேலைக்கு வந்திருந்தாலும் யார் கையில் இருந்திருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கிடைத்த இடம், ஆழம், நாள், எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, காயலான் கடை விலையை அவருக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து அவர் இன்னொரு கட்டியோடு வந்தார். எம்டன் என்று சொல்லவில்லை. "அண்ணே, தண்ணியில போடுங்க. தொளை இருக்கான்னு பாக்கலாம்" என்றார்.