நொய்யல் பாக்கி

பனியன் கம்பெனிக்காரங்க மரம் நடுறாங்கன்னு சொன்னா, எங்க திருப்பூர் பக்கம் சிரிக்கிறவங்க உண்டு. என் மாமா அதில் முதல் ஆள். ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் தோட்டம் அவருக்கு. "சாயத்தண்ணி விட்டதும் நீங்க, மரம் வெக்கிறதும் நீங்களாக்கும்?" என்பார். இதற்குப் பதில் சொல்லணும்னா பழைய கதைக்குப் போகணும்.

நொய்யலின் குறுக்கே அந்த அணையைக் கட்டி முடித்தது 1992-ல், பாசனத்துக்காக. எங்க ஏற்றுமதி வேகமா வளர்ந்ததும் அதே காலத்தில்தான். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேணும். அந்த உப்புத்தண்ணி ஆற்றோடு போய் அணையில் தேங்கியது. மாமாவின் கிணறு உப்பாச்சு, தென்னை காய்ந்தது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. சொட்டுக் கழிவுகூட வெளியே போகக்கூடாதுன்னு 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்பவும் நடக்கலை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. எனக்கு இருப்பது 12 மெஷின் போட்ட பவர் டேபிள்தான், சாயம் போடுறதில்லை. ஆனா துணி வராம என் மெஷினும் நின்னுச்சு. நான் தைத்த ஒவ்வொரு பனியனும் அந்த ஆற்றை நனைச்சுட்டுத்தான் வந்திருக்குன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

அப்புறம் தண்ணியைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா கடைசியா மிஞ்சும் உப்புத்தண்ணியைக் காய்ச்சி ஆவியாக்கணும். அதுக்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. ஆற்றைக் காப்பாத்த மரத்தை எரிக்கிறோம்! இதை மேடையில் யாரும் பேசுறதில்லை.

2015-ல் வெற்றி அமைப்பு 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தை ஆரம்பித்தது. தண்ணியும் பாதுகாப்பும் இருக்கிற நிலமாப் பார்த்து நடுறாங்க, இதுவரை பல லட்சம் கன்று. அந்தச் சூட்சுமம்தான் எனக்குப் பிடிச்சது. கன்று வாங்குறது சுலபம், போட்டோ எடுக்கிறது அதைவிடச் சுலபம். மூணு கோடைக்குத் தண்ணி ஊத்துறதுதான் செலவு. என்னை மாதிரி சின்ன ஆளால் முடிகிற செலவு அது.

மாமாகிட்டேயே போய் இடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. "உப்பு மண்ணு. வேம்பும் புங்கனும் தாங்கும், வெய்யி. தண்ணிக்காசு உன்னோடது" என்றார்.

நாற்பது கன்று நட்டாச்சு. மாசாமாசம் தண்ணிக்காசு தர்றேன். பாக்கி தீர்ந்துச்சுன்னு மாமா இன்னும் சொல்லலை.