பற்றுச்சீட்டில் இல்லாத குடியிருப்பாளர்: வாடகைக் கட்டுப்பாட்டுக் காலச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உரிமையாளரும் உள்வாடகையும்

மலாயாத் தமிழரின் குடியிருப்பு வரலாறு பெரும்பாலும் தோட்டத்து லயன்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இதற்குச் சான்று சார்ந்த காரணம் ஒன்று உண்டு. தோட்டத்தில் செக்ரோல் இருந்தது. வேலைக்கு வந்தவர் எவர் என்பது நிருவாகத்தின் ஏட்டில் நாள்தோறும் பதிவாயிற்று. நகரத்துக் கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புக்குள் பாய் விரித்துப் படுத்த தமிழர்க்கு அத்தகைய ஏடு இல்லை. வீட்டுரிமையாளரின் கணக்கில் வீட்டை மொத்தமாக எடுத்த முதன்மை வாடகையாளரின் பெயர் மட்டுமே இருக்கும். ஏனையோர் அவரிடம் உள்வாடகைக்கு இருந்தவர்கள், பற்றுச்சீட்டு பெறாதவர்கள். அத்தகையோர் ‘அனுமதியற்ற குடியிருப்பாளர்’ என்னும் சட்டப் பெயரை எந்தச் சூழலில் பெற்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கடைவீட்டைச் சிறு அறைகளாகத் தடுத்துப் பலருக்கு விடும் வழக்கம் போருக்குப் பின் தோன்றியதன்று. சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து டபிள்யூ. ஜே. சிம்சன் 1907-இல் அளித்த அறிக்கையே காற்றும் ஒளியும் புகாத அவ்வறைகளைக் கண்டித்தது. 1960-இல் வெளிவந்த பேரிங்டன் கேயின் ஆய்வு, சீனர் வாழ்ந்த அப்பர் நான்கிங் தெருவை வீடு வீடாக அளந்து அதே காட்சியைக் காட்டியது. தமிழர் மிகுந்த தெரு எதற்கும் இதற்கு இணையான ஆய்வு அக்காலத்தில் செய்யப்படாதது நம் துறைக்கு ஓர் இழப்பே.

போருக்குப் பின் மாறியது சட்டம். சிங்கப்பூரின் 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 7-க்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களின் வாடகைக்கு 1939 ஆகஸ்டு மாத நிலையை அளவுகோலாக்கியது. சட்டம் வகுத்த காரணங்களுள் ஒன்றை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி உரிமையாளர் எவரையும் வெளியேற்ற இயலாது. வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்தில் இது ஏழைகளுக்குக் கிடைத்த காப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் காப்பின் பயன் எவர் கையில் சேர்ந்தது என்பது வேறு வினா. உரிமையாளருக்குச் செலுத்தும் வாடகை உறைந்து நின்றது. இடத்தின் மதிப்போ ஏறியது. இடைப்பட்ட ஆதாயத்தை, அறையறையாக உள்வாடகைக்கு விட்ட முதன்மை வாடகையாளர் பெற்றார். வீடு கைமாறும்போது மறைவில் கொடுக்கப்பட்ட ‘டீ மணி’ இதன் இன்னொரு விளைவு.

‘வாடகையாளர்’ என்னும் சொல்லுக்குள் உள்வாடகையாளரையும் சட்டம் அடக்கியது. ஆகவே, மாடியறையில் இருப்பவர் முறைப்படி வந்த உள்வாடகையாளராயின் அவருக்கும் காப்பு உண்டு. அன்றேல் அவர் வெறும் அத்துமீறியவர். இவ்விரு நிலைகளையும் பிரித்தது அவர் நடத்தையன்று. உரிமையாளர் இசைந்தாரா, இசையவில்லையா என்பதே. அவ்விசைவைக் காட்டும் தாளோ பெரும்பாலும் எழுதப்பட்டதே இல்லை.

இந்நிலையில் உரிமையாளரின் மௌனம் முதன்மையான சான்றாகிறது. ஒப்பந்த மீறலை அறிந்த பின்னும் வாடகை பெற்றுக்கொண்டவர் அம்மீறலைப் பொறுத்துக்கொண்டவராகக் கருதப்படுவார் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. எனவே, அறியாத ஒருவர் வீட்டிலிருப்பதைக் கண்ட உரிமையாளர் முதலில் காக்க வேண்டியது தம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை! அப்புதியவரின் பெயருக்கு ஒரு மாதச் சீட்டு எழுதினாலும் வழக்குத் தளர்ந்துவிடும். ‘வாடகை’ என்று எழுதாமல் ‘குடியிருப்புக்கான இழப்பீடு’ என்று எழுதுவதும், உரிமைக்குக் குந்தகமின்றிப் பெற்றதாகக் குறிப்பதும் இவ்வச்சத்தில் பிறந்த எழுத்து வழக்கங்களே. சட்டம் உரிமையாளர் கையில் வேறு கருவிகளையும் தந்திருந்தது. குத்தகை முடிந்த பின்னும் வெளியேறாதவரிடம் இரட்டை வாடகை கோரலாம். நிலுவைக்காக நீதிமன்ற ஆணை பெற்றுத் தட்டுமுட்டுப் பொருள்களைக் கைப்பற்றச் செய்யலாம். ஆனால், இவை வாடகையாளரை நோக்கிய கருவிகள். வாடகையாளர் அல்லர் என்று தாம் வாதிடும் ஒருவரிடம் வாடகை நிலுவை கேட்பது, தம் வாதத்தைத் தாமே முறிப்பதாகும்.

இவ்வுரிமையாளர்களுள் நகரத்தாரும் இருந்தமை நாம் மறக்கலாகாத செய்தி. அடகு வைக்கப்பட்ட தோட்டங்களும் கடைவீடுகளும் 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது மீட்கப்படாமல் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் கிட்டங்கி நடத்திய முகவர்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் வந்து திரும்பியவர்கள். வட்டித் தொழிலை மையமாகக் கொண்டு, தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் ஏட்டை ஒப்படைக்கும் அமைப்பில், மாடியறைக்குள் எவர் இருக்கிறார் என்று பார்ப்பதைவிட ஒரே முதன்மை வாடகையாளரிடம் பணம் வாங்குவதே எளிது. உள்வாடகை பெருகியதற்குப் பேராசையை மட்டும் காரணமாகக் கூறுவார் உளர். தொலைவிலிருந்து சொத்தை ஆளும் முறையும் அதற்கு இணையான காரணம் என்பது என் கருத்து. எவ்வாறாயினும் தமிழர் இவ்வுறவின் இரு முனைகளிலும் நின்றனர். உரிமையாளரும் தமிழர், அவர் கணக்கில் இடம்பெறாத கூலித் தொழிலாளியும் தமிழர் என்னும் நிலையை, சுரண்டிய அயலாரும் சுரண்டப்பட்ட தமிழரும் என்னும் பழகிய சட்டகத்துள் அடக்க இயலாது.

கட்டுப்பாடு நீங்கிய விதம் இரு நாடுகளிலும் வேறுபட்டது. சிங்கப்பூரில் 1969-ஆம் ஆண்டுத் தனிச் சட்டம், ‘கோல்டன் ஷூ’ எனப்பட்ட வணிக மையத்தில் 1970 முதல், இழப்பீடு தந்து கட்டடத்தை மீட்க உரிமையாளருக்கு வழிவிட்டது. மார்க்கெட் தெரு அவ்வட்டாரத்துள் அடங்கியது. எஞ்சிய கட்டுப்பாடு 2001-இல் நீக்கப்பட்டது. மலேசியாவில், 1948 ஜனவரி 31-க்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களை ஆண்ட 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997 செப்டம்பர் 1-இல் நீக்கப்பட்டு, 1999 இறுதி வரை இடைக்காலம் தரப்பட்டது. 2000 தொடங்கியதும் ஜார்ஜ்டவுனில் வாடகை உயர, பல தலைமுறைக் குடிகள் கடைவீடுகளை விட்டு நீங்கினர்.

கட்டுப்பாடு போனாலும் பழைய வினா போகவில்லை. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, குத்தகை முடிந்த பின்னும் தங்கியிருப்பவரை நீதிமன்ற நடவடிக்கை வழியேயன்றி வெளியேற்றலாகாது என்கிறது. பூட்டை மாற்றுவதும் நீரை நிறுத்துவதும் அதற்கு மாற்று ஆகா. ஆனால் அக்காப்பைப் பெறும் ‘குடியிருப்பவர்’ எவர்? குத்தகை முடியும் வேளையில் அவ்விடத்தில் சட்டப்படி வசித்துக்கொண்டிருந்தவர் என்று அப்பிரிவே வரையறுக்கிறது. பற்றுச்சீட்டில் பெயரில்லாத மாடியறைக்காரர் அவ்வரையறைக்குள் வருவாரா என்பதற்கு விடை, அவருக்கு அறையை விட்டவர் எவர், உரிமையாளர் அதை எப்போது அறிந்தார் என்னும் செய்திகளில் உள்ளது. 1932 முதல் வெளிவரும் மலாயன் லா ஜர்னலில் அச்சான வாடகை வழக்குத் தீர்ப்புகள் இச்செய்திகளை எண்ணிப் பார்த்தவை. சட்ட மாணவர் அவற்றை விதிக்காகப் படிக்கின்றனர். பிரதிவாதிகளின் பெயருக்காகவும் முகவரிக்காகவும் தமிழாய்வு மாணவர் அவற்றைப் படிக்கத் தொடங்கலாம்.