தூத்துக்குடியில் ஆங்கிலம்

தூத்துக்குடி அமைந்த முத்துக்குளித்துறைக்கு ஆங்கிலம் பிந்தி வந்த மொழி. 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியம் பரதவர் ஊர்களில் பெர்னாண்டோ, ரோட்ரிகோ எனக் குடும்பப் பெயர்களாக ஊன்றிவிட்டது. 1658இல் டச்சுக்காரர் வந்தனர். 1825இல் நகரம் நிலையாக ஆங்கிலேயர் வசமானது. ஆனாலும் ஆங்கிலத்தைப் பரப்பியதில் அரசைவிட மிஷன் பள்ளிகளின் பங்கே பெரிது எனலாம். சாயர்புரத்தில் 1842 முதல் மிஷனரி ஜி. யு. போப் கல்விப்பணி செய்தார். தூத்துக்குடியில் கால்டுவெல் பள்ளி எழுந்தது. அங்கு பயின்ற வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ராஜதுரோக வழக்கில் சிறைப்பட்டிருந்தபோது ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். ஆட்சியாளரின் மொழியைக் கற்றுத் தமிழுக்கு உரமாக்கிய அந்த உழைப்பே இவ்வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமான பின் ஆங்கிலம் அலுவல் தேவையாகவும் வளர்ந்தது. கப்பல் ஏஜென்சிகளில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங் ஆங்கிலத்தில் அடிக்கப்படுகிறது. ஆனால் சரக்கு ஏற்றி இறக்குவோரின் பேச்சு தமிழ்தான்.