கூரையும் முதுமையும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புற வரலாற்றில் ஒரு பாடம்

பிசிராந்தையார் என்னும் சங்கப் புலவரைத் தமிழ் பயின்றார் அனைவரும் அறிவர். வயது முதிர்ந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என வினவியோர்க்கு அவர் தந்த விடை, புறநானூற்றின் 191ஆம் பாடலாக நிலைபெற்றுள்ளது. அவ்விடையில் அவர் மருந்தைச் சொல்லவில்லை. உணவு முறையையும் சொல்லவில்லை. மனைவி மக்களின் பண்பு, ஏவலரின் இசைவு, வேந்தனின் முறை தவறாமை, ஊரில் வாழும் சான்றோரின் உறவு ஆகிய நான்கையுமே காரணங்களாகக் காட்டினார். முதுமையின் நலம் உடம்பின் எல்லைக்குள் அடங்குவதன்று. வீடும் ஆட்சியும் ஊரும் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன என்பது அப்புலவர் கண்ட உண்மை.

இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறங்களின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை நோக்குவது பயனுடையதாகும். முதியவர் தம் வீட்டிலேயே, பிறர் கையை எதிர்பாராது, நலத்தோடு வாழ்தல் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் பொருள். 1982ஆம் ஆண்டு வியன்னா நகரில் ஐக்கிய நாடுகள் சபை முதுமை குறித்து உலக மாநாடு கூட்டியது முதல் அப்பேச்சு வலுப்பெற்று வந்துள்ளது. ஆனால், 'தம் வீடு' என்ற சொல்லே பொருளற்றுப் போன ஒரு சமுதாயத்தில் முதுமை எவ்வாறு கழிந்தது என்பதை நம் தோட்டங்களின் வரலாறுதான் சொல்ல வல்லது.

முதுமைக்கு இடமில்லாத குடியிருப்பு

1896இல் அமைந்த கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கனுள் நெகிரி செம்பிலானும் ஒன்று. முன்னர்க் காப்பி பயிரான சுங்கை ஊஜோங் வட்டாரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்கு மாறியது. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் இருப்புப்பாதை அவ்வட்டாரத்தைத் துறைமுகத்தோடு இணைத்திருந்தது. லிங்கி, ரந்தாவ், லாபு, நீலாய், பகாவ், கெமாஸ் எனக் காடு அழிந்து கித்தா மரங்கள் வரிசை கட்டின. அம்மரங்களைச் சீவத் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறையே ஆளெடுப்பின் பெருவழியாயிற்று.

கங்காணி அழைத்து வந்தது உழைக்கும் வயதினரை. முதுமை என்பது தோட்டத்தின் கணக்கில் இடம்பெறவே இல்லை. பிறப்பும் வளர்ப்பும் தமிழகச் சிற்றூரின் செலவு. உழைப்பு மட்டும் தோட்டத்தின் வரவு. உழைக்க இயலாதபோது மீண்டும் அச்சிற்றூரே பொறுப்பு. இதுவே அன்றைய ஏற்பாடு. 1907இல் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர் இந்தியக் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்ற நிதியத்தின் பணிகளுள், நலிந்தோரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவதும் ஒன்றாக இருந்தது. நலிந்தோர்க்கெனக் கோலாலம்பூரில் ஓர் இல்லமும் அந்நிதியால் நடத்தப்பட்டது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய பொருளாதார மந்தத்தின்போது, சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். வேலை இல்லையெனில் வீடும் இல்லை, நாடும் இல்லை என்பதை அக்கப்பல்கள் உணர்த்தின.

எனினும் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ அளிக்கப்பட வேண்டுமென விதித்தது. ஆறே கால் சென்ட் அளவே உடைய அத்துண்டு நிலம், பிற்காலத்தில் முதியோர்க்கு எத்துணைப் பெரிய துணையாயிற்று என்பதைக் கீழே காண்போம்.

நிலைத்த வாழ்வும் நிலையாத வீடும்

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளரின் பயணத்தைத் தடை செய்தது. புதியோர் வருகை நின்றது, இருந்தோர் வேரூன்றினர். அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் – பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். மகனை அங்கே பறிகொடுத்துத் தனித்து நின்ற தாய்மார் தோட்டந்தோறும் இருந்தனர். முதுமையில் தாங்குவான் மகன் என்ற நம்பிக்கையைப் போர் முறித்தது. தாயகத்தில் தாங்கும் உறவும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்தது. ஆகவே, விடுதலைக்கு முந்திய பத்தாண்டில்தான் தோட்டத் தமிழன் முதன்முறையாகத் தோட்டத்திலேயே முதியவன் ஆனான்.

அவனுக்கென எழுந்த முதல் அரண் 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி. தொழிலாளி ஐந்து விழுக்காடும் முதலாளி ஐந்து விழுக்காடும் செலுத்த, ஐம்பத்தைந்து வயதில் அத்தொகை கைக்கு வரும். இதன் அளவை ஒரு கணக்கால் உணரலாம். மாதம் 60 வெள்ளி ஊதியம் பெற்ற ஒருவருக்கு இரு பங்கும் சேர்ந்து மாதம் 6 வெள்ளி. ஆண்டுக்கு 72 வெள்ளி. பத்தாண்டு உழைத்து ஓய்வு பெற்றால் வட்டி நீங்கலாக 720 வெள்ளி. அதாவது ஓராண்டு ஊதியம். அதைக் கொண்டு மகளை மணமுடித்துக் கொடுக்கலாம். ஒருமுறை ஊருக்குச் சென்று திரும்பலாம். ஒரு வீடு வாங்க இயலாது.

வீடுதான் சிக்கலின் மையம். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியாற்றிய பி.பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளரானார். சங்கம் ஊதியத்துக்கும் ஓய்வுக்கும் மருத்துவத்துக்கும் போராடிற்று. 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தது. ஆயினும் லயத்தின் வீடு தோட்டத்துக்கே உரியது. பெரட்டுக் களத்தில் ஒருவர் பெயர் ஒலிக்கும்வரைதான் அவர் தலைக்குமேல் கூரை உண்டு. எனவேதான் பல குடும்பங்களில் ஒரு மகனோ மருமகளோ தோட்டத்து வேலையை விடாது பற்றி நின்றனர். வெளியே சிறந்த வேலை கிடைத்தும் போகாதவர் உண்டு. அவர் காத்தது தம் ஊதியத்தை மட்டுமன்று. பெற்றோரின் கூரையையும் ஆகும்.

அக்கூரைக்கும் இடி விழுந்தது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். பெருந்தோட்டம் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை. குழாய்த் தண்ணீரும் மருந்தகமும் பள்ளியும் உடன் போயின. இளைஞர் வேறு தோட்டம் தேடி நடந்தனர். முதியோர் நடக்க இயலாது நின்றனர். இக்கொடுமைக்கு மாற்றாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய தொழிலாளர் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆயினர். இந்த மண்ணில் தமக்கு ஒரு பங்கு உண்டு என்ற உணர்வு முதுமைக்குப் பேராறுதல் என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார். ஆனால் ஒன்பதாண்டு செல்வதற்குள், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்ப நேர்ந்தது. தலைமுறைக்கால உழைப்பும் ஒரு தாளின்முன் செல்லாதாயிற்று.

லயத்து முதுமை

இத்துணை நிலையாமையின் நடுவிலும் லயத்து முதியோர் பலர் தம் காலில் நின்றனர் என்பது வியப்புக்குரியது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வலிமைக்கு ஏற்ற வேலை. ஐந்நூறு மரம் சீவ இயலாத மூதாட்டி ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைத் தொட்டிலிலிட்டு ஆட்டினார். தாய்மார் விடியுமுன் வெளிக்காட்டுக்குச் செல்ல, அக்கொட்டகையே தோட்டத்தின் உயிர்நிலையாக இருந்தது. முதியவர் மாடு மேய்த்தார், ஒட்டுப்பால் பொறுக்கினார், கோவிலைக் கூட்டி விளக்கேற்றினார். எவரும் அவரைப் பயனற்றவர் எனக் கருதவில்லை.

இரண்டாவது, அச்சிறு நிலம். முருங்கை, வாழை, கத்தரி, அவரை, கீரை ஆகியவற்றோடு நான்கு கோழியும் அங்கே வளர்ந்தன. குனிந்து நிமிர்ந்து களை பறித்தலும் தண்ணீர் சுமத்தலும் தசையின் வலிமையைக் காத்தன. முதுமையில் தசை மெலிவதும், அதனால் கால் தடுமாறி விழுவதுமே பலரைப் படுக்கையில் வீழ்த்துகின்றன என இன்றைய மருத்துவம் கூறுகிறது. அதனை அறியாமலேயே தோட்டத்து முதியோர் அதற்கான பயிற்சியை நாள்தோறும் செய்தனர்.

மூன்றாவது, நடந்து செல்லும் தொலைவில் மருந்து. தோட்ட மருந்தகத்தின் டிரசர் பெரிய மருத்துவர் அல்லர், குறைகளும் இருந்தன. ஆயினும் அவர் தமிழ் அறிந்தவர். ஒவ்வொரு வீட்டின் நோயையும் அறிந்தவர். நான்காவது, அண்டை வீடு. பலகைச் சுவருக்கு அப்பால் இருமல் கேட்கவில்லையெனில் கதவைத் தட்டும் அயலார் இருந்தனர்.

இவ்வாறு கூறுவது லயத்து வாழ்வைப் பொற்காலமாக்கும் நோக்கத்தால் அன்று. கொசுவும் கள்ளுக்கடையும் கடனும் அங்கே இருந்தன. முதுமை எய்தாது மாண்டோரும் மிகப் பலர். பிசிராந்தையார் கூறியவற்றுள் ஊரின் உறவு லயத்தில் இருந்தது. ஆட்சியின் முறை இல்லை. கூரையின் உரிமை இன்மையால் அவ்வுறவும் ஒருநாள் கலைந்தது.

மாடிவீட்டு முதுமை

1970களுக்குப் பின் இரப்பர் செம்பனைக்கு இடம் தந்தது. செம்பனைக்கு வேண்டிய ஆள்கள் குறைவு. அவ்விடத்தையும் பிறநாட்டுத் தொழிலாளர் நிரப்பினர். 1990களில் நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்ட நிலங்கள் நகரங்களாயின. மக்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். பலர்க்கு அதுவே வாழ்வில் முதன்முறையாகத் தம் பெயரில் அமைந்த கூரை. அதன் மதிப்பை எவரும் குறைத்துரைக்க இயலாது.

ஆயினும் கூரை கிட்டியபோது பிற யாவும் நழுவின. மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் குடியிருக்கும் மூதாட்டிக்குக் கீழிறங்குவதே ஒரு பயணம். மண் இல்லை, மாடு இல்லை, பகலில் அண்டை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உடல் உழைப்பு நின்றது. ஆனால் சோற்றின் அளவும் தேநீரின் இனிப்பும் உழைத்த காலத்து அளவிலேயே தொடர்ந்தன. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் 31.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு எனக் கண்டது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடே. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. உழைத்த உடல் திடீரெனச் சும்மா இருத்தப்பட்டதும் அவற்றுள் ஒன்று எனக் கருத இடமுண்டு.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1995இல் முதியோர் தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆதரவற்ற முதியோர்க்கென அரசு நடத்தும் இல்லங்களுள் ஒன்று சிரம்பானில் உள்ளது. அதில் சேர்வோர் தம்மைத் தாமே பேணிக்கொள்ள வல்லவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. இல்லத்தில் சேர்வதற்கும் தற்சார்பே முதல் தகுதி என்பது எண்ணத்தக்கது. தென்னிந்தியத் தொழிலாளர்க்கென 1958இல் அமைந்த நிதியமோ 1999இல் கலைக்கப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

மேற்கண்ட வரலாறு நமக்குத் தரும் பாடம் தெளிவானது. கூரை, மண், மருந்து, வேலை, அயல் என்னும் ஐந்தும் ஒருங்கே அமைந்தால்தான் முதியவர் தம் வீட்டில் தாமே வாழ இயலும். லயத்தில் கூரை நிலையாதது. ஏனைய நான்கும் ஓரளவேனும் இருந்தன. மாடிவீட்டில் கூரை உண்டு, மற்றவை சுருங்கின. இன்றைய தலைமுறை ஐந்தையும் ஒன்றுசேர்க்க வேண்டும். இழந்த நான்கில் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. முதியோர்க்குத் தரைத்தள வீட்டை முன்னுரிமையாக ஒதுக்கலாம். குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தலாம். மாடத்தில் நான்கு தொட்டிச் செடிகள் வைக்கலாம். காலையில் இருவர் சேர்ந்து நடக்கலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசாங்க மருந்தகத்தில் தவறாது பார்க்கலாம். நாளுக்கு ஒருமுறை ஒருவர் கதவைத் தட்டலாம்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் தனிக்கடமை உண்டு. லின்சம், கெர்பி, கெட்டிஸ், ஜெராம் பாடாங், சுவா பெத்தோங் என இன்றும் தோட்டப் பெயர் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் உள்ளன. அப்பெயர்களுக்குப் பின்னே உள்ள வாழ்வைச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மாணவர் அவர்களிடம் சென்று கேட்டு எழுதட்டும். ஆயாக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும், அச்சிறு நிலத்தில் விளைந்தவற்றைப் பற்றியும் வினவட்டும். வரலாறு பதிவாகும், அதனினும் மேலாக, அம்முதியவர் வீட்டுக் கதவு வாரம் ஒருமுறையேனும் தட்டப்படும். தம்மை நாடி ஒருவர் வருவார் என்ற எண்ணத்தால் அவர் எழுந்து, குளித்து, திண்ணையிலோ மாடிப்படியிலோ வந்து அமர்வார்.

சான்றோர் பலர் வாழும் ஊரே தம் நரையைத் தடுத்தது என்றார் பிசிராந்தையார். அத்தகைய ஊரை நெகிரி செம்பிலான் அடுக்குமாடிகளிலும் நாம் ஆக்க இயலும். இந்நாட்டின் செல்வத்துக்கு அடித்தளமிட்ட கைகள், தம் சோற்றைத் தாமே பிசைந்து உண்ணும் வலிமையோடு இறுதிவரை வாழ்தல் வேண்டும். அது நாம் அவர்களுக்குக் காட்டும் இரக்கம் அன்று. செலுத்தாது நிற்கும் கடன்.