கோயமுத்தூர் தாயியின் குரலும் லட்ச ரூபாய் ஸ்பீக்கரும்

அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறை வாசலில் நின்றால் சுத்தியல் அடி காதில் மட்டும் விழாது, நெஞ்சிலும் விழும். அதையே செல்போனில் பதிந்து கேட்டுப் பாருங்கள். டிக் டிக் என்று கடிகாரச் சத்தம்தான் மிஞ்சும். "நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். நேரில் கேட்பது போலவே இருக்கும் என்று சொல்லித்தான் நூறு வருடத்துக்கும் மேலாக இந்தச் சாமான்கள் விற்பனையாகின்றன. அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க நம் கொங்குப் பக்கத்துப் பெயர் ஒன்றே போதும்: கோயமுத்தூர் தாயி.

இவர் 1872-இல் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்து, சென்னையில் பாடிப் புகழ் பெற்றார். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்த கிராமபோன் கம்பெனி, அடுத்த சில வருடங்களில் தெற்கேயும் வந்தது. தாயியின் பாட்டுகள் ஏராளமாகத் தட்டில் ஏறின.

அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் பாட வேண்டும். புனலின் மறுமுனையில் இருக்கும் ஊசி, மெழுகில் கோடு கிழிக்கும். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்தப் புனல் பிடித்ததோ சுமாராக 200-க்கும் 3,000-க்கும் நடுவே உள்ளதை மட்டும்தான். தம்புராவின் ரீங்காரம் மேலே போய்விட்டது, மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் கீழே போய்விட்டது. போதாததற்கு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் நேரம். மணிக்கணக்கில் ஆலாபனை செய்பவர் மூன்று நிமிடத்தில் என்ன செய்வார்? (நம் ஊர் பஸ்ஸில் திருப்பூர் போய்ச் சேரக்கூட அந்த நேரம் பத்தாது!)

ஆனாலும் அந்த அரைகுறைத் தட்டு சும்மா இருக்கவில்லை. 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்துபோன பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டெலாஜ், தாயியின் ஓர் இசைத்தட்டை வைத்து 'ராகமாலிகா' என்று ஒரு பியானோ உருப்படி செய்தார். தாள வாத்தியத்தின் மொத்தென்ற ஒலி வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்தியில் அட்டையைச் செருகச் சொன்னார். பியானோவுக்குள் இப்படிச் சாமான்களைச் செருகி வாசிப்பதற்கு அமெரிக்காவின் ஜான் கேஜ் பேர் வாங்கியது இதற்கு ரொம்பப் பின்னால்.

"எங்கள் மெஷின் சத்தமும் நேரடிச் சத்தமும் ஒன்றே" என்று துணிந்து பந்தயம் கட்டியவர் எடிசன். 1915 முதல் ஊர் ஊராக மேடையில் பாடகியைத் தன் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாடச் செய்தார். திடீரென்று விளக்கை அணைப்பார்கள். பாடுவது ஆளா மெஷினா என்று தெரியாமல் ஜனங்கள் திகைத்தார்களாம். அதில் பாடிய அன்னா கேஸ் பிற்காலத்தில் உண்மையைச் சொன்னார். மெஷினுக்குத் தகுந்த மாதிரி தன் குரலை அடக்கித்தான் பாடினாராம். மெஷின் மனுஷியைப் போலப் பாடவில்லை, மனுஷிதான் மெஷினைப் போலப் பாடியிருக்கிறார். கெட்டிக்கார வியாபாரம்!

இதைவிட நேர்மையான சோதனை செய்தவர் ஒரு ஜவுளிக்காரர் என்பது திருப்பூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். கில்பர்ட் பிரிக்ஸ், இங்கிலாந்தின் கம்பளித் துணி ஊரான பிராட்ஃபோர்டில் ஜவுளி ஏற்றுமதியில் இருந்தவர். 1932-இல் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்தார். அதுதான் வார்ஃப்டேல். 1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நிஜக் கலைஞர்களையும் அவர்களது பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். அரங்கில் சுமார் 3,000 பேர். அதே பெரிய ஹால், அதே காதுகள். ஸ்பீக்கர்கள் நன்றாகவே தாக்குப் பிடித்தன. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் அந்த ஹாலை யாராலும் கொண்டுவர முடியாதே. தவிர, பாடியவர் பக்கத்திலேயே உயிரோடு நின்றதால்தான் அந்த ஒப்பீடே நடந்தது.

தாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் 1917-இல் காலமானார். மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது வந்தது 1925-இல். எட்டே வருடம்! அவர் குரலை நேரில் கேட்டவர் இன்று ஒருவரும் இல்லை. நல்ல கருவி தட்டில் இருப்பதைச் சுத்தமாகக் கொடுக்கும், இல்லாததை எங்கிருந்து கொடுக்கும்? கரகரப்பை நீக்குகிறோம் என்று கம்ப்யூட்டரில் போட்டால் சில சமயம் குரலின் கூர்மையும் சேர்ந்து போய்விடுகிறது.

சுற்றும் வேகம் இன்னொரு தலைவலி. 78 ஆர்.பி.எம். தட்டு என்று சொல்கிறோமே தவிர, அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் 78-இல் பதிவானவை அல்ல, முன்னே பின்னே இருக்கும். 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், பாட்டும் துரிதப்படும். எவ்வளவு விலை உயர்ந்த டர்ன்டேபிளாக இருந்தாலும் வேகத்தைத் திருகி வைப்பது கேட்பவர் கைதான். கோயமுத்தூர் தாயி எத்தனை கட்டையில் பாடினார் என்பதை இன்று அந்தத் திருகுதான் முடிவு செய்கிறது.