ஒரே மேக், ஒரே விஸ்டா: ரீஸ்டார்ட் பண்ணினா சரி, ஜன்னல்ல திறந்தா தப்பு

இன்னிக்கு எபிசோட் ஒரு லைசன்ஸ் ஒப்பந்தத்தைப் பத்தி. ஆமா, இன்ஸ்டால் பண்ணும்போது கடகடன்னு ஸ்க்ரோல் பண்ணி, படிக்காமலே 'ஒத்துக்கிறேன்'னு தட்டுவோமே, அதேதான். நாம பார்க்கப்போறது விண்டோஸ் விஸ்டாவோட ஒப்பந்தம்.

வர்ச்சுவல் மெஷின் என்றால் கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டர். அதற்கும் தனி டிஸ்க், தனி மெமரி இருப்பதுபோல ஒரு சாஃப்ட்வேர் பாவனை செய்யும். உள்ளே இன்ஸ்டால் ஆகும் விண்டோஸுக்கு, தான் நிஜ மெஷினில் ஓடுகிறோம் என்றுதான் நினைப்பு. 1997-லேயே கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக்குக்கு 'வர்ச்சுவல் பிசி'யைக் கொண்டுவந்தது. 1999-ல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்தது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் டெவலப்பர்களின் கருவி. மேக்கில் விண்டோஸ் ஓடும், ஆமை வேகத்தில். ஏன்னா மேக்கோட சிப்பே அப்போ வேற.

2006 ஜனவரியில் ஆப்பிள் இன்டெல் சிப் வைத்த மேக்குகளை விற்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. ஏப்ரலில் பூட் கேம்ப் வந்தது. மேக்கை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குள் போகலாம். ஜூனில் பேரலல்ஸ் வந்தது. ரீஸ்டார்ட்டே வேண்டாம், மேக் திரையிலேயே ஒரு ஜன்னலில் விண்டோஸ். அதுவும் நல்ல வேகத்தில். சாதாரண வீட்டு உபயோகக்காரருக்கு வர்ச்சுவல் மெஷின் முதல்முறையாகப் பயன்படும் பொருளாக மாறியது அப்போதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில் விஸ்டாவின் லைசன்ஸ் வெளியானது. ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் என்ற இரண்டு விலை குறைந்த பதிப்புகளையும் வர்ச்சுவல் மெஷினுக்குள் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு விதி. வேண்டுமென்றால் பிசினஸ் அல்லது அல்டிமேட் வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஹோம் பேசிக் முழுப் பதிப்பு 199 டாலர், பிசினஸ் 299, அல்டிமேட் 399. ஒரு ஜன்னலில் விண்டோஸைத் திறக்க, குறைந்தது நூறு டாலர் கூடுதல்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த விதிக்குப் பூட்டே கிடையாது. ஹோம் பேசிக் டிஸ்க்கைப் போட்டால் வர்ச்சுவல் மெஷினில் ஒழுங்காக இன்ஸ்டால் ஆகும், ஓடும். தடை காகிதத்தில் மட்டும்தான். ஒரே மேக், காசு கொடுத்து வாங்கிய ஒரே டிஸ்க். பூட் கேம்ப்பில் ஓடினால் சட்டப்படி சரி, பேரலல்ஸ் ஜன்னலில் ஓடினால் ஒப்பந்த மீறல். கடையில வாங்கின சட்டையை வீட்டுக்குள்ள போடக் கூடாதுன்னு சொல்ற மாதிரி.

மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம் பாதுகாப்பு. அதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. 2006 ஆகஸ்டில் போலந்து ஆய்வாளர் யோவன்னா ருட்கோவ்ஸ்கா 'ப்ளூ பில்' என்ற தாக்குதலைச் செய்து காட்டியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே, அதற்குத் தெரியாமல், ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள் தள்ளிவிடும் வித்தை. பயமுறுத்துற விஷயம்தான். ஆனால் அந்த மாதிரி மால்வேர் லைசன்ஸைப் படித்துவிட்டா உள்ளே வரும்? நூறு டாலர் கூடக் கொடுத்தால் ஆபத்து போய்விடுமா? இந்தக் காரணம் எனக்கு ஒட்டவே இல்லை. இன்னொன்றையும் கவனிங்க. கனெக்டிக்ஸிடமிருந்து வர்ச்சுவல் பிசியை 2003-ல் வாங்கியதே மைக்ரோசாஃப்ட்தான். 2006 ஜூலையில் அதன் விண்டோஸ் பதிப்பை இலவசமாகவும் கொடுத்தது. பாத்திரம் இலவசம், அதில் எந்தச் சாதம் வைக்கலாம் என்பதற்கு மட்டும் கட்டுப்பாடு.

2007 ஜூனில் விதியைத் தளர்த்தப் போவதாகச் செய்தியாளர்களிடம் தெரிவித்துவிட்டு, அறிவிக்கும் நேரத்தில் பின்வாங்கியது. கடைசியில் 2008 ஜனவரியில் இரண்டு ஹோம் பதிப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. நிறுவனங்களுக்கு இதில் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. அவர்களிடம் ஏற்கெனவே பிசினஸ் பதிப்போ எண்டர்பிரைஸோ இருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் மேக் வைத்திருந்த மாணவர்களும் வீட்டுக்காரர்களும்தான். ஒன்று, கூடுதல் காசு. இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கிய பிறகும் விதிமீறல்.

2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது கதை தலைகீழ். 'எக்ஸ்பி மோட்' என்ற பெயரில், வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட லைசன்ஸோடு ஒரு முழு விண்டோஸ் எக்ஸ்பியையே மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்தது. பழைய சாஃப்ட்வேர் ஓடாதோ என்று விஸ்டாவைத் தவிர்த்த அலுவலகங்களை இழுக்க அது தேவைப்பட்டது. அதுவும் புரொஃபஷனல், அல்டிமேட் மாதிரி விலை கூடின பதிப்புகளுக்கு மட்டும்தான், சொல்லணுமா!

ஆப்பிளும் சளைத்ததில்லை. தன் டெஸ்க்டாப் சிஸ்டத்தை வர்ச்சுவல் மெஷினில் ஓட்ட அனுமதித்ததே 2011-ல், லயன் பதிப்பில்தான். அதுவும் ஆப்பிள் மெஷினில் மட்டும், கூடுதலாக இரண்டே பிரதி. அந்த 'இரண்டு' இன்றுவரை லைசன்ஸில் இருக்கிறது. ஆனால் விஸ்டாவில் இல்லாத பூட்டு இங்கே இருக்கிறது. எம் சீரிஸ் சிப் உள்ள மேக்கில் இரண்டு மேக்ஓஎஸ் வர்ச்சுவல் மெஷின்கள் ஓடும்போது மூன்றாவதை ஸ்டார்ட் செய்து பாருங்கள். எரர் மெசேஜ்தான் வரும்.