எருக்கமாலை

வாழப்பாடியிலிருந்து சேலத்துக்குச் செல்லும் வழியோரங்களில், மழை பொய்த்த ஆண்டிலும் வாடாது நிற்கும் எருக்கஞ்செடியை, விநாயக சதுர்த்தியன்று அன்றி வேறு நாளில் ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. அந்தப் பூவையே மாலையாகத் தொடுத்து ஒரு மனிதருக்கு அணிவித்து, ஊரார் காண எருமைமீது ஏற்றிய சரித்திரம் நம் நாட்டில் உண்டு.

கிறிஸ்து சமயத்தார் ஆதியில் பட்ட அவமானத்துக்கு எங்கள் சமவெளியும் அந்நியமன்று. 1623-ஆம் ஆண்டில் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்த இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்த சந்நியாசியாக இருந்தும், தங்க வீடு தருவாரின்றித் துன்புற்றார். ஆயினும் ஊர் கதவடைப்பது வேறு, அரசாங்கமே முன்னின்று இழிவுபடுத்துவது வேறு.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர், மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூரில் அரசுப் பணி புரிந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் தெ லனாயின் வாயிலாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் அவரைச் சிறைப்படுத்தியோர், கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, எருக்கமாலை சூட்டி, யமனுடைய வாகனமாகிய எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராகக் கொண்டு சென்றனர் என்றும், அடிபட்ட புண்களில் மிளகாய்ப் பொடியைத் தடவினர் என்றும் மரபு கூறுகிறது.

இதைப் படிக்குந்தோறும் எனக்குச் சங்க காலத்து மடலூர்தல் நினைவுக்கு வருகிறது. அங்கும் எருக்கமாலை உண்டு. அங்கும் தெரு நிறைய வேடிக்கை பார்க்கும் சனங்கள் உண்டு. ஆனால், காதலின் பொருட்டு நாணத்தைத் தானே துறந்து பனைமடற் குதிரை ஏறுகிறவனை அவமானம் என்ன செய்யும்? தேவசகாயத்தை எருமைமேல் ஏற்றியவர்கள் இதனை எண்ணவில்லை. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தவரை நாடி, ஏளனம் செய்ய அன்று, ஆசி பெறவே சனங்கள் வந்தனராம்.

1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றது. 2022 மே 15-இல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, சாதிப் பட்டத்தை நீக்கித் தேவசகாயம் என்றே பெயர் கூறியது. இது எனக்கு மிகுந்த நிறைவு தந்தது.

அவருடைய மனைவி பார்கவி, ஞானப்பூ என்னும் பெயருடன் அதே சமயத்தைத் தழுவியவர். கணவர் மறைந்தபின் சொந்த ஊரில் வாழ இயலாமல் வடக்கன்குளம் சென்று, எஞ்சிய ஆண்டுகளை அங்கேயே கழித்தார். எருமைமேல் ஏற்றப்படாத அந்த அம்மையார் பட்ட அவமானத்தை விரித்தெழுதியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.